களி இறங்குகிறது, தண்ணீர் புரையேறுகிறது: பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவது எப்படி?

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு 67 வயது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பல வருடமாக உண்டு. 7 வாரங்களுக்கு முன் விடியற்காலையில் மாட்டுக்குத் தட்டு போடப் போனவருக்கு வாய் கோணியது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. 9 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தார். 5ஆம் நாள் இரவு அந்தக் குழாயை அவரே இழுத்துப் போட்டுவிட்டார். அதிலிருந்து வாய்வழியாகத்தான் உணவு. பேச்சு வரவில்லை, சொல்வது புரிகிறது. மத்தியானம் ஆனால் கையைக் குவித்துக் காட்டிக் களி கேட்கிறார்.

"களி உருண்டையைக் குழம்பில தொட்டுக் குடுத்தா வழுக்கிட்டு இறங்கிடுதுங்க, புரையே ஏறல. தண்ணி, டீ குடுத்தாத்தான் இருமறாரு. ராத்திரி படுத்தப்புறம் தொண்டையில கரகரன்னு சத்தம் வருது. மூணு வாரத்துல ரெண்டு தடவ காய்ச்சல் வந்து, மாத்திரைல நின்னுச்சு. அரைஞாண் கயித்த ரெண்டு தடவ இறுக்கிக் கட்டியாச்சு. 55 கிலோ இருந்தவரு 48 ஆயிட்டாரு" என்கிறது கடிதம். தண்ணீரால்தானே இருமல், அதைக் குறைத்துவிடு என்கிறார் நாத்தனார். தொண்டையில் ஏதோ நிற்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. கணவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார், வாரம் ஒருமுறைதான் வீடு. கடிதம் கேட்பது, மறுபடி குழாய் போட வேண்டுமா, வயிற்றில் ஓட்டை போடுவார்களாமே, அது கொடுமை இல்லையா என்று. இவை போக, வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் தொண்டையில் கட்டி ஏதும் இருக்குமோ என்ற பயம். கடைசி வரியில் மருமகள் கேட்டிருப்பது: "களி குடுத்தது நான்தான். காய்ச்சல் என்னாலதான் வந்துச்சா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களால் வரவில்லை. குழாயோடு வீட்டுக்கு அனுப்பியபோது, அது வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது, வாயால் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று உங்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. பசித்த மனிதர் கேட்டதை நீங்கள் கொடுத்தீர்கள். இரவுச் சத்தத்தையும் எடைக் குறைவையும் கவனித்துத் தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். மருத்துவருக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

முதல் வேலை: நெஞ்சைப் பார்ப்பது

விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு 3 வாரத்தில் 2 முறை காய்ச்சல் வந்தால், அது உணவோ எச்சிலோ நுரையீரலுக்குள் போனதால் வந்த நிமோனியாவாக இருக்கலாம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலைத்தான் குறைக்கும், நுரையீரலில் உள்ள கிருமியை ஒன்றும் செய்யாது. இந்த வாரமே அழைத்துப் போய் நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காய்ச்சலோடு மூச்சு வேகமாக வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கருவி வீட்டில் இருந்து அதில் 94க்குக் கீழ் காட்டினாலோ, வெளிநோயாளிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 55 கிலோவில் 7 கிலோ என்பது எட்டில் ஒரு பங்குக்கு மேல். 7 வாரத்தில் இவ்வளவு இறங்கினால் கை கால் சதையோடு தொண்டைச் சதையும் கரையும், விழுங்குவது இன்னும் கெடும்.

புரையேறாதது ஏன் ஆறுதல் இல்லை

தொண்டை என்பது காற்றும் சோறும் ஒரே வாசலில் நுழைந்து பிரியும் இடம். முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். ஒரு வாய் விழுங்கும்போது மூச்சு நின்று, குரல்வளை மேலேறி, அதன் மூடி சாய்ந்து, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதே நேரத்தில் உணவுக்குழாயின் மேல் வாய் திறக்கிறது. தொண்டையில் சங்கு ஏறி இறங்குவதாக நீங்கள் வெளியே பார்ப்பது இதைத்தான். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடி. பக்கவாதத்தில் இந்த வேலைக்கு மூளை அனுப்பும் கட்டளை தாமதமாகிறது, ஒரு பக்கத்துச் சதையும் பலமிழக்கிறது.

தண்ணீர் வேகமாக ஓடும். மூடி மூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும், அதனால் இருமல். களி மெதுவாகப் போகும், மூடி மூடும்வரை அது காத்திருக்கிறது. ஆகவே சாப்பிடும் நேரத்தில் புரையேறுவதில்லை. ஆனால் களி ஒட்டும். பலமிழந்த தொண்டையால் அதை முழுக்கத் தள்ள முடியாது. நாக்கின் வேருக்குப் பின்னால் ஒரு பள்ளமும், குரல்வளைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழியும் உண்டு. மிச்சம் அங்கே தங்கிவிடும். சாப்பிட்ட பின் படுக்க வைத்ததும் அது எச்சிலோடு கலந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் வடியும். நீங்கள் இரவில் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் அதுதான். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குத் தொண்டையின் உணர்வே மங்கிவிடுகிறது. அவர்களுக்கு உள்ளே போனாலும் இருமலே வராது.

நம் பக்கத்தில் களியை மெல்லுவதில்லை, விழுங்குவதுதான் வழக்கம். ஆரோக்கியமான தொண்டைக்கு அதில் குறையில்லை. ஆனால் அவருடைய இப்போதைய தொண்டைக்கு, மெல்லாத, ஒட்டுகிற, உருண்டையான ஒன்று மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். மருத்துவமனையில் விழுங்குவதைப் பரிசோதித்து முடிக்கும்வரை களி உருண்டையை நிறுத்துங்கள்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். இவருக்கு இருமல் வரும்போது தலையில் தட்ட வேண்டாம், "தண்ணி குடி" என்று நீட்டவும் வேண்டாம். முன்பக்கமாகச் சற்றுக் குனிய வைத்து இருமவிடுங்கள். இருமல்தான் அவருக்கு மிச்சமிருக்கும் காவல்.

நாத்தனார் சொன்னதும் அக்கறையில்தான். ஆனால் தண்ணீரைக் குறைத்தால் எச்சில் கெட்டியாகி இன்னும் ஒட்டும். மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும், சர்க்கரை உள்ளவருக்குச் சிறுநீரகமும் சிரமப்படும். இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் அளவு கட்டியிருந்தால் தவிர, இவருடைய எடைக்கு உணவில் உள்ளதும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.5 லிட்டர் நீர் போக வேண்டும். தண்ணீரின் அளவைக் குறைக்காதீர்கள், அதன் பதத்தை மாற்றுங்கள். சிறுநீர் டீ நிறத்தில், நாளைக்கு 3 முறைக்கும் குறைவாகப் போனால் உடம்பில் நீர் போதவில்லை என்று பொருள்.

பதம் பார்ப்பது

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்காக ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலகப் பொது அளவுகோல் ஒன்று இருக்கிறது. 0 என்பது வெறும் தண்ணீர், 7 என்பது வழக்கமான சாப்பாடு. நடுவில் 2 இளங்கெட்டி, 3 நடுத்தரக் கெட்டி, 4 கரண்டியில் நிற்கும் மசியல். உங்கள் மாமனாருக்கு எந்த எண் என்று பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும். அவர் எண்ணைச் சொன்ன பிறகு வீட்டில் அந்தப் பதத்தைத் தினமும் ஒரே மாதிரி கொண்டுவருவது உங்கள் கையில். அதற்கு ஒரு 10 மில்லி சிரிஞ்ச் போதும்.

ஊசி வேண்டாம். உள்ளே இருக்கும் தண்டையும் உருவிவிடுங்கள். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை ஸ்கேலில் 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், வேறு நீளத்தில் உள்ள சிரிஞ்ச் தவறான கணக்குக் காட்டும். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்துச் சரியாக 10 நொடி விட்டு மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் பதம் 0. 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் 1. 4 முதல் 8 மில்லி என்றால் 2. 8 மில்லிக்கு மேல் மிஞ்சி, மெல்லச் சொட்டினால் 3. ஒன்றுமே இறங்காவிட்டால் 4. கொடுக்கப்போகும் சூட்டிலேயே பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியபோது 2 ஆக இருக்கும் கேழ்வரகுக் கஞ்சி ஆறியதும் 3க்குப் போய்விடும்.

4ஆம் பதத்துக்குக் கரண்டிச் சோதனை. கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்க வேண்டும், சாய்த்து லேசாக உதறினால் ஒரே கட்டியாக விழ வேண்டும், கரண்டியில் பசைபோல அப்பிக்கொண்டு நிற்கக் கூடாது. நீங்கள் கிண்டும் களியை ஒருமுறை இப்படிச் சாய்த்துப் பாருங்கள். கரண்டியைத் திருப்பிப் பிடித்தாலும் விழாது. அவர் தொண்டையிலும் அது அப்படித்தான் நிற்கிறது.

கேழ்வரகை விட வேண்டியதில்லை. 200 மில்லி தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி மாவு என்று ஆரம்பியுங்கள். குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, பிறகு கொதிக்கவிட்டு 8, 10 நிமிடம் கிளறுங்கள். மாவுக்கு மாவு அளவு மாறும், சிரிஞ்ச் சொல்வதைக் கேளுங்கள். நொய் சேர்க்காதீர்கள். பால் அல்லது கடைந்த தயிர், ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்தால் ஒட்டும் தன்மையும் குறையும், எடைக்கும் நல்லது. பருப்பை மையாகக் கடைந்து வடித்துக் கொடுக்கலாம். வேகவைத்த முட்டையைத் தயிரோடு மிக்ஸியில் அரைக்கலாம். கிருஷ்ணகிரி மாம்பழக் காலத்தில் நாரில்லாத பழத்தை மசித்து வடித்தால் பதம் தானாகவே அமைந்துவிடும், சர்க்கரை இருப்பதால் இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்துங்கள்.

மாவுப் பொருளால் கெட்டியாக்கியதில் ஒரு சிக்கல் உண்டு. எச்சிலில் மாவைக் கரைக்கும் நொதி இருக்கிறது. வாயில் வைத்த கரண்டியை அதே கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால் கஞ்சி நீர்த்துப்போகும். பாதிச் சாப்பாட்டில் கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய நீர் பிரிந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் நன்றாக விழுங்கியவர் கடைசியில் இருமுவது பல வீடுகளில் இதனால்தான். பெரிய கிண்ணத்திலிருந்து சின்னக் கிண்ணத்துக்கு 5, 6 கரண்டி மட்டும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். தண்ணீரையும் டீயையும் கெட்டியாக்க மருந்துக் கடையில் கிடைக்கும் சாந்தன் கம் பொடி எச்சிலில் நீர்க்காது. விலை அதிகம், ஆனால் தண்ணீருக்கு மட்டும் பயன்படுத்தினால் கட்டுப்படியாகும்.

மிக ஆபத்தானவை, நீரும் திடமும் கலந்து வருபவை. மோரில் கரைத்த கம்மங்கூழ், நீராகாரத்தோடு பழைய சோறு, ரசம் சாதம், டீயில் நனைத்த பிஸ்கட் எல்லாம் இந்த வகை. நீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் தங்கும். நோயாளிக்கு லேசான ஆகாரம் என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். பொரி, வேர்க்கடலை, மொச்சைத் தோல், கீரைத் தண்டு, தேங்காய்ச் சக்கை எதுவும் வேண்டாம். ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும்.

ஊட்டும்போது

முழு விழிப்பில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு வாய்கூட வேண்டாம். கட்டிலில் சாய்ந்தபடி அல்ல, கைப்பிடி உள்ள நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் பட, வலப்பக்கம் தலையணை கொடுத்து உட்கார வையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்ளும். நீங்களும் எதிரே உட்காருங்கள், கரண்டி கீழிருந்து வரட்டும். அரைத் தேக்கரண்டி, அதாவது 2, 3 மில்லி, பலமுள்ள இடது கன்னத்துப் பக்கம் வையுங்கள். சங்கு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒருமுறை வெறுமனே விழுங்கச் சொல்லுங்கள். பிறகுதான் அடுத்த கரண்டி.

4, 5 கரண்டிக்கு ஒருமுறை "ஆ" என்று சத்தம் போடச் சொல்லுங்கள். வார்த்தை வராதவர்களுக்கும் இந்தச் சத்தம் பெரும்பாலும் வரும். குரல் தெளிவாக இருந்தால் தொடரலாம். நீருக்குள் பேசுவதுபோலக் குழகுழவென்று கேட்டால் குரல் நாண் மேல் ஏதோ நிற்கிறது. இருமி, மறுபடி விழுங்கவிட்டுக் கேளுங்கள், தெளியாவிட்டால் அந்த வேளை போதும். அரை மணிக்கு மேல் இழுத்தால் தொண்டை களைத்துவிடும். மூன்று வேளையை 6 சிறு வேளையாக்குங்கள். முடிந்ததும் வலது கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றித் துடைத்துப் பாருங்கள், அங்கே உணவு ஒதுங்கியிருப்பது அவருக்கே தெரியாது. அதன் பிறகு குறைந்தது 30 நிமிடம் நிமிர்ந்தே இருக்கட்டும். இரவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வையுங்கள்.

குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் வாயில் ஊற்றுவதும், சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சுவதும் கூடாது. எவ்வளவு போகிறது, எப்போது போகிறது என்ற இரண்டும் அவர் வசத்தில் இருக்க வேண்டும்.

வாயைச் சுத்தம் செய்வதை மருந்துக்குச் சமமாக எண்ணுங்கள். எச்சிலோடு உள்ளே போகும் வாய்க் கிருமிகள்தான் நிமோனியாவின் விதை. காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு, பல்செட் இருந்தால் அதையும் தேய்த்து, நுரையைத் துடைத்து எடுங்கள். குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கும் இது வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை இனி வேண்டாம்.

மாத்திரைகளை டீயில் போட்டுக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தவறு இதில். டீ அவருக்குப் புரையேறும் பதம். எல்லா மாத்திரையையும் பொடிக்கவோ கரைக்கவோ கூடாது. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மருந்து, பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல பேருக்கு இந்த வகையில்தான் எழுதப்படுகிறது. வயிற்றில் கரையாமல் இருக்கப் பூச்சுப் போட்டவையும் அப்படியே. எல்லா அட்டையையும் எடுத்துப் போய், பொடிக்கக் கூடியதாகவோ கரைசலாகவோ மாற்றிக் கேளுங்கள். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் மறுபடி பக்கவாதம் வரலாம்.

ஒருவேளை உணவு அடைத்து, சத்தமே வராமல், இரும முடியாமல் திணறினால்: முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 தட்டு. வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கை முஷ்டியை வைத்து உள்நோக்கி மேலே 5 முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். நினைவிழந்து சாய்ந்தால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத எதையும் விரல் விட்டுத் துழாவாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

குழாய் பற்றிய பயம்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்கச் சிரமம் இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். உங்கள் மாமனார் 7 வாரம் தாண்டியும் தேறாதவர்களில் ஒருவர், ஆனாலும் மாதங்கள் கழித்தும் முன்னேற்றம் வருவது உண்டு. ஆகவே குழாய் என்றால் கடைசிக் கட்டம் என்று நினைக்க வேண்டாம். தொண்டை தேறும்வரை உடம்பு கரையாமல் காப்பது அதன் வேலை.

அதேபோல, குழாய் போட்டுவிட்டால் நிமோனியா வராது என்பதும் சரியல்ல. எச்சில் உள்ளே போவதை எந்தக் குழாயும் தடுக்காது. தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தாமல் குழாயில் ஊற்றினால் வயிற்றிலிருப்பது மேலேறி அதுவும் நுரையீரலுக்குப் போகலாம்.

மூக்குக் குழாய் சில வாரங்களுக்கானது. தொண்டையை உறுத்தும், மூக்கில் புண்ணாக்கும், அதனால்தான் பலரும் பிடுங்குகிறார்கள். 4 வாரத்துக்கு மேல் குழாய் தேவை என்று தெரிந்தால் வயிற்றுக் குழாயைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். பெக் என்பார்கள். எண்டோஸ்கோப்பி உதவியோடு, தொப்புளுக்கு மேல் இடப்பக்கம் சிறு துளை வழியாக இரைப்பைக்குள் குழாய் வைக்கப்படுகிறது. பெரிய அறுவைச் சிகிச்சை அல்ல, ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சட்டைக்குள் மறைந்துவிடும், முகத்தில் ஒன்றும் இருக்காது, தேறினால் எடுத்துவிடலாம், துளை தானே மூடிக்கொள்ளும். தொண்டை அனுமதிக்கும் அளவுக்கு வாயாலும் ருசி பார்க்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் அன்றே, சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், தாமதித்தால் துளை சுருங்கிவிடும்.

மூக்குக் குழாயே மறுபடி போடுவதானால் வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டுப் போட வேண்டாம். நுரையீரலுக்குள் போய்விட்டால் முதல் ஊட்டலே ஆபத்து. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பது நம்பகமான சோதனை இல்லை, எக்ஸ்ரேதான் உறுதி. போட்டதும் மூக்கு ஓரத்தில் குழாயில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஊற்றுங்கள். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். கேழ்வரகுக் கஞ்சியை வடிக்காமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன் அவரிடம் கேளுங்கள். வலப்பக்கம் விழுந்து பேச்சு போனவர்கள் பலருக்கு நாம் பேசுவது புரியும். சின்னச் சின்னக் கேள்வியாக, தலையசைத்துப் பதில் சொல்லும்படி, கணவர் வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். குழாய் வேண்டாம் என்று சொல்லவும், வேண்டும் என்று சொல்லவும் உரிமை அவருடையது. விளைவைப் புரிந்துகொண்டு வேண்டாம் என்றால், ஆபத்தைக் குறைத்து வாயால் கொடுக்கும் வழியை மருத்துவரோடு பேசி வகுத்துக்கொள்ளலாம். வீட்டின் வசதிக்காக அவருக்குத் தெரியாமல் முடிவெடுப்பது மட்டும் வேண்டாம்.

தொக்கமும் கட்டியும்

பெரியம்மா சொல்வதுபோல, எடுத்துவிட்டால் சரியாகும்படி அவர் தொண்டையில் எதுவும் சிக்கி நிற்கவில்லை. சிக்கல் மூளையிலிருந்து வரும் கட்டளையில். தொண்டைக்குள் ஊதுவது, விரல் விட்டுக் குமட்ட வைப்பது, ஏதாவது ஊற்றுவது எல்லாம் மூடாத மூச்சுக்குழாய்க்குள் எதையாவது தள்ளிவிடும். பெரியம்மாவிடம் சண்டை வேண்டாம், "நெஞ்சில சளி கட்டியிருக்கு, டாக்டர் யாரையும் தொண்டையைத் தொட வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிடுங்கள்.

புற்றுநோய்ப் பயத்துக்கு வருகிறேன். கட்டியால் வரும் சிரமம் பொதுவாக மாதக்கணக்கில் மெல்ல வரும். முதலில் களி, இட்லி போன்ற கெட்டியானவை நெஞ்சில் நிற்கும், தண்ணீர் இறங்கும், நாள்போக்கில் தண்ணீரும் நிற்கும். உங்கள் மாமனாருக்கு நேர்மாறாக, வாய் கோணிய அன்றே தொடங்கி, தண்ணீருக்குத்தான் அதிகம். ஆகவே பக்கவாதமே காரணம் என்று கொள்ள நிறைய இடமிருக்கிறது. ஆனாலும் வருடக்கணக்கான புகையிலைப் பழக்கம் இருப்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை வாயையும் தொண்டையையும் பார்த்துவிடட்டும். பக்கவாதத்துக்கு முன்பே சோறு நெஞ்சில் நின்றதுண்டா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால் எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

எங்கே போய், என்ன கேட்பது

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காய்ச்சலைக் காட்டிவிட்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். "விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், விழுங்கும் பயிற்சியும் அவர்கள் வேலைதான். தேவைப்பட்டால் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு விழுங்குவதை நேரடியாகப் பார்ப்பார்கள், அல்லது பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். இருமலே இல்லாமல் உள்ளே போவதை இந்த இரண்டும்தான் காட்டும். அந்த வசதி அங்கே இல்லையென்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ கடிதம் கேளுங்கள். பெங்களூரு நிமான்ஸில் இதற்கென்றே பேச்சு, செவித்திறன் துறை இருக்கிறது.

பரிசோதனைக்கு முன் இணையத்தில் பார்த்து எந்தப் பயிற்சியும் தொடங்க வேண்டாம். தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்குவது ஒருவருக்குக் காப்பு, இன்னொருவருக்குக் கேடு. தலையைப் பலமிழந்த பக்கம் திருப்புவதும் அப்படித்தான். தொண்டைக்குக் கரண்ட் வைக்கிறோம் என்று மட்டும் சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டால், விழுங்கும் பயிற்சி இல்லாமல் அது தனியாக என்ன செய்யும் என்று கேளுங்கள்.

முன்பு சேர்த்திருந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கமும் ஸ்கேன் அறிக்கையும் கையில் இல்லையென்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குவிதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போய், வயிற்றுக் குழாய் அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளரும் வலிநிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வர முடியும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியுங்கள்.

அதுவரை ஒரு நோட்டில் 5 நாள் எழுதி வையுங்கள்: எந்த நேரம், என்ன பதம், எத்தனை மில்லி, இருமலா, குரல் நனைந்ததா, காலை மாலை காய்ச்சல் எவ்வளவு. காய்ச்சல் மறுபடி வந்தால் 5 நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள்.

மத்தியானம் அவர் கையைக் குவித்துக் காட்டும்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அதுதான் எனக்கு மனதில் நின்றது. பரிசோதித்தவர்கள் வாயால் கொடுக்கலாம் என்று பதம் சொன்னதும், கேழ்வரகை நொய்யில்லாமல், அந்தப் பதத்துக்குத் தளர்வாகக் கிளறி, வழக்கமாக அவர் சாப்பிடும் தட்டிலேயே வையுங்கள். அவரைக்காய்க் குழம்பை மிக்ஸியில் அரைத்து, தோலும் சக்கையும் போக வடித்து, மேலே ஊற்றாமல் கேழ்வரகோடு சேர்த்துக் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் நீர் தனியாக ஓடும். கரண்டியை இடது கையில் கொடுத்து, உங்கள் கையை அவர் கையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். தானே எடுத்து வாயில் வைக்கும்போது தொண்டை கொஞ்சம் முன்கூட்டியே தயாராகிறது.